பொறியும் புகையும் – 14: இருபத்துநாலா, இருபத்தெட்டா?

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. பொருளாதாரத் தடைக் காலம் அது. 1995 வரை குடாநாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில்தான் ஓடின. பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும்; மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 150 பாகை செல்சியசில். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளித்துளியாகப் போய் பிளக்கை நனைக்கும், தீப்பிடிக்காது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் நாலு சொட்டு விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் போதும். புகையில் கண் எரியும்; அதை யார் பார்த்தது!

எரிபொருள் ஆவியாகாவிட்டால் எஞ்சின் இழுக்காது என்பதை அன்றைய கராஜ்காரர் கையால் கற்றார்கள். மணற்காட்டு மணல்மேடுகளில் பழைய 125 சிசி ரூ-ஸ்ரோக் ஓட்டும் இன்றைய பெடியளுக்கும் இதே பாடம்தான் தேவை. "24 மில்லிமீற்றர் காபரேற்றரைக் கழற்றிவிட்டு 28 போட்டால் பாயும்தானே?" என்கிறார்கள்.

நாலு மில்லிமீற்றர்தானே என்று நினைக்க வேண்டாம். துளையின் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இழுக்கும் காற்று அதே அளவுதான். அகன்ற வழியில் அதன் வேகம் கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஜெற்றிலிருந்து பெற்றோலை உறிஞ்சிப் பொடியாகத் தூவுவது அந்த வேகம்தான். வேகம் குறைந்தால் மறுபடி துளிகள், மறுபடி நனைந்த பிளக். மணலில் அரைத் திறப்புக்குக் கீழே ஓடுகிறவனுக்கு இது நட்டம். நேர் வீதியில் முறுக்கிப் பிடித்து ஓடுகிறவனுக்கு மட்டும், சைலென்சரும் போர்ட்டுகளும் ஒத்துழைத்தால், 28 பலன் தரலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஓடும் ரூ-ஸ்ரோக்கில் மெயின் ஜெற் சிறிதானால் ஒயிலும் குறையும். சூடு ஏறி பிஸ்ரன் இறுகிவிடும். யமஹா டிடி போன்றவற்றில் ஒயிலுக்குத் தனிப் பம்ப். அதை இயக்கும் கேபிள் அக்சிலேட்டரோடு இணைந்தது. காபரேற்றரை மாற்றினால் அந்தக் கேபிளின் அளவையும் சரிபார்த்தேயாக வேண்டும். நம் ஆட்கள் மறப்பது இதைத்தான்.

மாற்றித்தான் தீருவேன் என்றால் பெரிய மெயின் ஜெற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். முழுத் திறப்பில் கொஞ்சம் ஓடி, அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தவிட்டு நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் கூட. வெள்ளை என்றால் அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

மணலுக்கு என் தீர்ப்பு 24தான். அதைக் கழுவித் துடைத்து, ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கிப் பாருங்கள். நடுத்திறப்பில் பெற்றோல் சற்றுக் கூடும். ஜெற்றின் துளையை மட்டும் கம்பி விட்டுக் குடையாதீர்கள். அதில் பொறித்த எண் பொய்யாகிவிட்டால், அடுத்து வருகிற மெக்கானிக்குக்கு ஒரு பிடியும் கிடைக்காது.