சிவகங்கைப் பாறையும் பென்சில் கரியும்

நுழையும்முன்

நாள்தோறும் கையாளும் பொருள் எங்கிருந்து வருகிறது என வினவுவதே அறிவியல் மனப்பான்மையின் தொடக்கம். நாம் எழுதும் பென்சிலின் கருமுனையிலும் நம் கைப்பேசியின் மின்கலத்திலும் இருப்பது ஒரே கனிமம். அக்கனிமம் மதுரைக்கு அருகிலேயே மண்ணுக்குள் கிடைக்கிறது. அதனைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்கும் முறையையும், பிரித்தபின் எஞ்சி நிற்கும் கடமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரில் நேர்ந்த பிழை

பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது ஈயமன்று, கிராஃபைட் என்னும் கரிமம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் தூய கிராஃபைட் கிடைத்தது. கறுத்துப் பளபளத்த அதனை அக்கால மக்கள் ஈய வகை என்றே கருதினர். இலங்கைத் தமிழில் இக்கனிமம் இன்றும் காரீயம் எனப்படுகிறது. தமிழ்நாட்டிலோ காரீயம் என்பது ஈய உலோகத்தைக் குறிக்கும் சொல். 1779இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, இப்பொருள் கரிமத்தின் ஒரு வடிவமே என்று நிறுவினார். 1789இல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர், ‘எழுது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி, கிராஃபைட் எனப் பெயரிட்டார். பொருளின் இயல்பை அறிந்த பிறகே அதற்குப் பொருத்தமான பெயர் அமைந்தது.

அடுக்கின் ஆற்றல்

வைரமும் கரிமமே, கிராஃபைட்டும் கரிமமே. வேறுபாடு அணுக்கள் அமைந்துள்ள முறையில் உள்ளது. கிராஃபைட்டில் கரிம அணுக்கள் அறுகோண வலைபோல் இணைந்து தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. கயிறு அவிழ்த்த ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஏடும் உறுதியானது. ஆயினும், ஏடுகள் ஒன்றன்மீது ஒன்று எளிதில் வழுக்கும். கிராஃபைட்டின் ஒரு தாளுக்குள் பிணைப்பு வலிது. தாள்களுக்கிடையே ஈர்ப்பு மெலிது. நாம் எழுதும்போது அத்தாள்களே பிரிந்து காகிதத்தில் படிகின்றன. எந்திரங்களில் உராய்வைக் குறைக்கக் கிராஃபைட் பயன்படுவதற்கும் இதுவே காரணம்.

அடுக்குகளில் எலக்ட்ரான்கள் தடையின்றி நகர்வதால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். கடும் வெப்பத்திலும் உருகாது. ஆகவேதான், மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக் கடைகளுக்கு நகை செய்யும் பொற்கொல்லர்கள் பொன்னை உருக்கக் கிராஃபைட் கலந்த மூசையைப் பயன்படுத்துகின்றனர்.

சிவகங்கை மண்ணில்

மதுரையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் சிவகங்கை உள்ளது. அதனருகே, புதுப்பட்டி முதலிய சிற்றூர்களை ஒட்டிய நிலத்தில் கிராஃபைட் படிந்துள்ளது. பன்னெடுங்காலத்துக்கு முன் சேற்றோடு புதையுண்ட உயிர்ப்பொருள், நிலத்தின் ஆழத்தில் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறுதலடைந்து, உருமாறிய பாறைகளுக்கிடையே செதில்களாகத் தங்கிவிட்டது. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கனிம நிறுவனம் இங்குச் சுரங்கமும், தாதுவைத் தூய்மைப்படுத்தும் ஆலையும் அமைத்துள்ளது.

இலங்கையின் போகலை போன்ற இடங்களில் கிராஃபைட் பாறைப் பிளவுகளில் நரம்புகளாகத் திரண்டுள்ளது; ஆழ்சுரங்கத்தில் இறங்கி வெட்டியெடுத்தால், பெரும்பகுதி தூய கரிமமாகவே கிடைக்கும். சிவகங்கையிலோ நிலை வேறு. இங்குக் கிடைக்கும் தாதுவில் கரிமம் சராசரியாக 14 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய 86 விழுக்காடு குவார்ட்ஸ் முதலிய பிற கனிமங்களாகும். இதனைத் தாதுக்கூளம் என்பர். எனவே, இங்குத் தோண்டுதலைவிடப் பிரித்தலே பெரும்பணி.

தோண்டுதலும் பிரித்தலும்

தாது நிலத்தின் மேற்பகுதியிலேயே இருப்பதால், திறந்தவெளிச் சுரங்க முறை பின்பற்றப்படுகிறது. முதலில் மேல்மண் அகற்றப்படும். பின்னர், ஊருணிப் படிகளைப் போல நிலம் அடுக்கடுக்காக வெட்டப்படும். சரிவு நேராமல் காப்பதும், வண்டிகள் இறங்கி ஏற வழி தருவதும் இப்படிகளே.

வெட்டிய தாது ஆலையில் நொறுக்கப்பட்டு, நீருடன் சேர்த்து அரைக்கப்படுகிறது. இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பெரிய செதிலுக்கே சந்தையில் மதிப்பு மிகுதி. குறைவாக அரைத்தால் கல் பிரியாது. மிகையாக அரைத்தால் செதில் நொறுங்கும். ஆகவே, சிறிது அரைத்து, பிரித்து, மீண்டும் மெல்ல அரைப்பர்.

அடுத்தது நுரை மிதப்பு முறை. அரிசி களையும்போது உமி மிதப்பது, அது நீரைவிட இலேசானது என்பதால். கிராஃபைட் நீரைப்போல் இரு மடங்குக்கும் மேல் அடர்த்தி உடையது, ஆயினும் மிதக்கிறது. காரணம், அதன்மேல் நீர் ஒட்டுவதில்லை. தொட்டியில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயும், நுரை உண்டாக்கப் பைன் எண்ணெயும் சிறிதளவு சேர்த்துக் காற்றைச் செலுத்துவர். நீரை விலக்கும் கிராஃபைட் செதில்கள் காற்றுக்குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலெழும். நீரில் நனையும் கல்துகள்கள் அடியில் தங்கும். மேலெழும் கருநுரையை வழித்தெடுத்து, மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தி, வடிகட்டி உலர்த்தி, சல்லடைகளால் செதிலின் அளவுக்கேற்ப வகைப்படுத்துவர். 14 விழுக்காடாக இருந்த கரிமம் இவ்வாறு 96 விழுக்காடு வரை உயர்கிறது.

எஞ்சுவது எங்கே?

ஓர் எளிய கணக்கு. 14 விழுக்காட்டுத் தாது 100 டன்னில் உள்ள கரிமம் 14 டன். அதில் சிறிதும் வீணாகவில்லை எனக் கொண்டாலும், 96 விழுக்காட்டுக் கிராஃபைட் 15 டன்னுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஏனைய 85 டன்னுக்கு மேற்பட்ட கூளம் எங்குச் செல்லும்?

சிவகங்கை, கண்மாய் நீரையும் பருவமழையையும் நம்பிய வறண்ட பகுதி. நுரை மிதப்பு முறைக்கோ நீர் மிகுதியாகத் தேவை. கூளத்தைத் தேக்கக் குட்டையில் படியவைத்து, தெளிந்த நீரை மீண்டும் ஆலைக்கே பயன்படுத்துவது இன்றியமையாதது. குட்டையின் கரை உடைந்தால் நுண்துகள் வயலிலும் கண்மாயிலும் படியும். கரும்புழுதி தொழிலாளரின் நுரையீரலைத் தாக்கும். எனவே, தாதுவை நனைத்துக் கையாளுதலும் முகக்கவசமும் கட்டாயம். சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீரமைப்பதற்கான திட்டம் வேண்டும் என்று 2003இல் விதி வகுக்கப்பட்டது. விதி ஏட்டில் இருந்தால் போதாது; குழி மூடப்பட்டு, மரம் வேர்விட்டால்தான் அது நிறைவேறியதாகும்.

நாளைய தேவை

லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்முனை பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. ஒரு மின்மகிழுந்துக்குப் பல பத்துக் கிலோ கிராஃபைட் தேவைப்படும். 2023இல் இந்திய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களுள் கிராஃபைட்டும் ஒன்று. எனினும், மின்கலத்துக்கு 96 விழுக்காட்டுத் தூய்மை போதாது, 99.9 விழுக்காட்டுக்கும் மேல் வேண்டும். அந்த நிலைக்குத் தூய்மைப்படுத்தும் தொழில் இன்று பெருமளவில் சீனாவில்தான் நடைபெறுகிறது. தூளாக விற்றால் கிடைக்கும் விலையைவிட, மூசையாகவும் மின்முனையாகவும் ஆக்கி விற்றால் கிடைக்கும் விலை பன்மடங்கு. வேலைவாய்ப்பும் அங்குதான் பெருகும்.

பாறையிலிருந்து கிராஃபைட்டைப் பிரிக்க நாம் கற்றுவிட்டோம். அதனை நம் மண்ணிலேயே உயர்பொருளாக்குவதும், எஞ்சிய கூளத்தால் ஒரு கண்மாயும் பாழாகாமல் காப்பதும் இனி ஆற்றவேண்டிய பணிகள். வேதியியலும் புவியியலும் பயிலும் மாணவர்களே, அப்பணிகள் உங்கள் தலைமுறைக்கு உரியவை.