சொந்தத்தில் கல்யாணமும் இளவயது நடுக்குவாதமும்

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்குகிறார்கள். ஆச்சி முதல் பேரன் வரை ஓரிடத்தில் கூடும் அந்த நாட்களில் ஒன்றை விசாரித்துவைப்பது நல்லது. நம் வழியில் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன்பே கை நடுக்கமோ, உடல் இறுக்கமோ, நடைத் தளர்ச்சியோ வந்ததா? குலதெய்வக் கோயிலில் கூடுவது அப்பா வழிப் பங்காளிகள்தான். அம்மா வழியிலும் கேட்க வேண்டும்.

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் பெரும்பாலும் அறுபதை ஒட்டித்தான் தலைகாட்டும். நடுமூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது இது. முதுமை, பூச்சிக்கொல்லி, சிறுசிறு மரபணு வேறுபாடுகள் எனப் பலவும் கூடியே பெரும்பாலோருக்கு இதைக் கொண்டுவருகின்றன. ஒற்றை மரபணுக் கோளாறுதான் காரணம் என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றில் 5 முதல் 10 பேர். அப்பாவுக்கு எழுபதில் நடுக்கம் வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இளவயதில் வருவதை அப்படி விட்டுவிட முடியாது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த பார்க்கின் மரபணு இதில் முக்கியமானது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் பிங்க்1 என்ற புரதம் அடையாளம் காட்டும். பார்க்கின் அதை அப்புறப்படுத்த வழிசெய்யும். இந்த வேலை நின்றால் பழுது தேங்கிச் செல் மடிகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் கெட்டவர் பொதுவாக நலமாகவே வாழ்ந்து, தெரியாமலே அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்.

நம் பக்கத்துக் கல்யாணங்கள் இங்கேதான் கணக்கில் வருகின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்து பெற்ற குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்துசேரும் வாய்ப்பு 16இல் 1. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் 8இல் 1. மூதாதையிடம் பழுது இல்லையென்றால் பயமில்லை. இருந்தால், தலைமுறைகளாக ஒளிந்திருந்தது வெளிப்படுகிறது. முறைப்பெண்ணைக் கட்டியவர்கள் மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. வீட்டில் இளவயது நடுக்கம் ஏற்கெனவே இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபியல் ஆலோசனை கேட்டாக வேண்டும்.

பரிசோதனையிலும் கவனம் தேவை. வட ஆப்பிரிக்க பெர்பர் மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் அதிகம் காணப்படும் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இந்தியர்களிடம் அரிது. அது இல்லை என்ற அறிக்கையை வைத்து நிம்மதியடைய முடியாது. நைஜீரிய நோயாளிகளை ஆராய்ந்தபோதுதான், ஐரோப்பியரிடம் தென்படாத ஜிபிஏ1 மாற்றம் ஒன்று 2023இல் வெளிப்பட்டது. நம் மக்களிடமும் அப்படித் தேடியே ஆக வேண்டும்.

பார்க்கின் கோளாறு உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றும். நினைவாற்றல் பெரும்பாலும் கெடாது. லெவோடோபா மாத்திரை குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்யும். முப்பது வயதுக்காரர் காலை இழுத்து நடந்தால், நரம்புத் தளர்ச்சி என்று ஆண்டுக்கணக்கில் டானிக் கொடுத்துக்கொண்டிராமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.