விருந்துத் தட்டில் சிவப்புச் சாயம்! சிக்கன் பொரிப்பவர்களே, உஷார்

சென்னை,-

பிறந்த நாள், கல்யாண நாள், பதவி உயர்வு. காரணம் எதுவானால் என்ன? நாலு பேர் வீட்டுக்கு வந்து விட்டால், பிரியாணிக்கு முன்னால் ஒரு தட்டு சிக்கன் வறுவல் வந்தே ஆக வேண்டும்.

அது செக்கச் செவேல் என்று இருக்க வேண்டும். கடித்தால் மொறுமொறுன்னு சத்தம் கேட்க வேண்டும். கரி அடுப்பில் சுட்ட வாசனையும் கொஞ்சம் வீச வேண்டும்.

ஆனால் வீட்டில் தந்தூரி அடுப்பு கிடையாது. இருப்பது கேஸ் ஸ்டவ்வும் வாணலியும்தான். ஆகவே சுட்ட கோழியைப் போல் தோன்றும்படி எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சாயம் புகுந்து விடுகிறது. சிவப்பு வேண்டும் என்பதற்காக மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் 'கலர் பவுடர்' வாங்கிக் கொட்டி விடுகிறார்கள். பிள்ளைகளின் நாக்கும் சிவக்கிறது. உள்ளே போனது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

மவுண்ட் ரோடு தந்த '65'

இந்த வகைப் பொரித்த கோழியில் நம்ம ஊருக்கே ஒரு பெருமை உண்டு. அதுதான் சிக்கன் 65.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-ல் தொடங்கப்பட்ட புகாரி ஓட்டல், 1965-ல் இதைத் தாங்களே அறிமுகப்படுத்தியதாகச் சொல்கிறது. பெயரில் இருக்கும் எண் அந்த ஆண்டைத்தான் குறிக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

65 நாள் கோழி, 65 மிளகாய், மெனு கார்டில் 65-வது அயிட்டம் என்று வேறு கதைகளும் உலவுகின்றன. எது எப்படியோ, இன்று தெருமுனைத் தள்ளுவண்டி முதல் நட்சத்திர ஓட்டல் வரை அது இல்லாத இடமே இல்லை.

பெங்களூரில் இதற்கு அண்ணன் தம்பி முறையில் ஒன்று உண்டு. அங்கே பல கடைகளில் 'சிக்கன் கபாப்' என்று கேட்டால் கம்பியில் குத்திச் சுட்டது வராது. எண்ணெயில் பொரித்த சிவப்புத் துண்டுதான் வரும். சுட்ட கறியின் பெயர், பொரித்த கறியின் ருசி!

39-ல் 8 அவுட்!

அந்தக் கபாப்தான் 2024-ல் மாட்டிக் கொண்டது.

கர்நாடக அரசு பல கடைகளில் இருந்து 39 கபாப் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 8 மாதிரிகள் பாதுகாப்பற்றவை என்று தெரிய வந்தது. 'சன்செட் எல்லோ', 'கார்மோசின்' என்ற செயற்கைச் சாயங்கள் அவற்றில் கலந்திருந்தன.

உடனே 2024 ஜூன் மாதத்தில் தடை உத்தரவு வந்தது. சிக்கன், மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்த்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று எச்சரித்தார்கள். அதற்கு முன்பு மார்ச் மாதத்திலேயே கோபி மஞ்சூரியனுக்குச் சாயம் போடவும் அங்கே தடை விதித்திருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் 2024 பிப்ரவரியில் சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை விழுந்தது. அதில் இருந்தது 'ரோடமின் பி'. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. மனிதர் வயிற்றுக்கானது அல்ல.

"கலர் இல்லேன்னா யாரும் வாங்க மாட்டாங்க சார்" என்பது வியாபாரத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அதாவது, பழி வாங்குகிறவர் தலையில்!

சாயத்துக்கு ருசி கிடையாது

உண்மையில் அந்தச் சிவப்புக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணை ஏமாற்றும் வேலை அது.

சிவப்பு வேண்டுமானால் அதற்கு மிளகாய் இருக்கிறது. காஷ்மீர் மிளகாய், கர்நாடகத்தின் பேடகி மிளகாய் இரண்டிலும் நிறம் அதிகம், காரம் குறைவு.

மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும் குணம் கொண்டது. ஆகவே மிளகாய்த் தூளை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான எண்ணெயில் குழைத்து, பிறகு கறியில் பிசறினால் நிறம் நன்றாக ஏறும். சாயம் போட்ட மாதிரி பளபளக்காது. செங்கல் சிவப்பாக வரும். அதுதான் நிஜ நிறம்.

வாங்கிய மிளகாய்த் தூளிலேயே சாயம் இருந்தால்? ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். சிவப்புக் கோடுகள் உடனே சரசரவென்று கீழே இறங்கினால் அதில் செயற்கைச் சாயம் இருக்கிறது என்று அர்த்தம்.

மொறுமொறுப்பின் ரகசியம்

பொரிப்பது என்றால் தண்ணீரை விரட்டுவது. எண்ணெயில் துண்டு விழுந்ததும் 'சொய்' என்று கொப்புளம் கிளம்புகிறதே, அது கறியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதுதான். மேல்பாகம் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு மொறுமொறுப்பு.

எண்ணெய் சூடாகாமல் போட்டால் ஆவி சரியாகக் கிளம்பாது. துண்டு எண்ணெயைக் குடித்துச் சொதசொதத்து விடும். ஒரே நேரத்தில் வாணலி நிறையக் கொட்டினாலும் சூடு இறங்கி அதே கதிதான்.

மைதா மாவு மட்டும் போட்டால் ஆறியதும் ரப்பர் மாதிரி இழுக்கும். பச்சரிசி மாவும் கார்ன்பிளவரும் போட்டால் மொறுமொறுப்பு நிற்கும்.

செய்முறை வருமாறு:-

எலும்பில்லாத கோழிக்கறி 1 கிலோ. தொடைக்கறி என்றால் உலராமல் இருக்கும். கட்டை விரல் அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 100 கிராம், இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக் கரண்டி, எண்ணெயில் குழைத்த மிளகாய்த் தூள் 3 டீஸ்பூன், கரம் மசாலா 1 டீஸ்பூன், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு 2 டீஸ்பூன். இவற்றைப் பிசறி 2 மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே வைக்கக் கூடாது.

பொரிக்கும் முன்பு ஒரு முட்டை, கார்ன்பிளவர் 4 மேசைக் கரண்டி, அரிசி மாவு 2 மேசைக் கரண்டி சேர்த்துப் பிசற வேண்டும்.

பொரிப்பது இரண்டு தடவை. முதலில் மிதமான சூட்டில் 6, 7 நிமிடம். உள்ளே முழுக்க வெந்து விட வேண்டும். ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

விருந்தாளிகள் உட்கார்ந்ததும் எண்ணெயை நன்றாகச் சூடாக்கி இன்னொரு தடவை ஒன்றிரண்டு நிமிடம். கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாயையும் பொரித்துத் தூவி விடலாம். முதல் தடவை பொரித்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே போட்டு வைப்பது ஆபத்து.

பொரித்ததை மூடி வைக்கவும் கூடாது. குவித்து வைக்கவும் கூடாது. ஆவி அடைத்துக் கொண்டு அத்தனை பாடும் வீணாகி விடும்.

சைவக்காரர்களுக்குக் காலிபிளவர் இருக்கிறது. அதற்கு முட்டை வேண்டாம். உப்பும் மஞ்சளும் போட்ட சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் போகக் காய வைத்து, இதே முறையில் பொரிக்கலாம்.

கரி வாசனைக்கு ஒரு துண்டு போதும்

மசாலா பிசறிய கறியின் நடுவே சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைத்து, அதில் நன்றாகக் கனிந்த ஒரு துண்டு அடுப்புக்கரியைப் போட வேண்டும். அதன் மேல் அரை ஸ்பூன் நெய் விட்டால் புகை கிளம்பும். உடனே 3 நிமிடம் மூடினால் தந்தூரி வாசனை ஏறி விடும். பொரித்த பிறகு செய்தால் கறி நமுத்துப் போகும்.

இதைச் செய்யும்போது ஜன்னல் கதவு திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கரியைத் தண்ணீர் விட்டு அணைக்க வேண்டும்.

கொடைக்கானலில் 2024 ஆகஸ்டு மாதம் பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கொண்டு தூங்கிய வாலிபர்களில் 2 பேர் பிணமானார்கள். கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும்.

எண்ணெயை என்ன செய்வது?

விருந்து முடிந்ததும் மிச்ச எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி மாசக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் பலரிடம் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் 'போலார் காம்பவுண்ட்' என்ற கழிவு கூடிக்கொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் சட்டமே இருக்கிறது.

கருத்துப் போனது, நுரை கட்டுவது, பிசுபிசுப்பது, சீக்கிரமே புகைவது. இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெய் செத்து விட்டது என்று அர்த்தம். கடையில் இப்படிப்பட்ட எண்ணெயையோ, கை விரலில் ஒட்டும் சாயத்தையோ பார்த்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

தண்ணீர் ஊற்றாதீர்கள்!

கடைசியாக ஒன்று. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. விருந்தாளியோடு பேசப் போய் அடுப்பை மறந்து விடவும் கூடாது.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகி சுமார் 1,700 மடங்கு பெருகும். எரிகிற எண்ணெயைக் கூரை வரை வாரி இறைத்து விடும்.

கேஸை மூடுங்கள். பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் இருந்து தள்ளி வாணலியை மூடுங்கள். அதைத் தூக்கிக் கொண்டு ஓடாதீர்கள். அடங்கவில்லை என்றால் எல்லோரையும் வெளியேற்றி விட்டு 101-க்குப் போன் செய்யுங்கள்.