மூளைக்குள் ஒரு கத்தரி!
மறதி நோய்க்கு மருந்து தேடிய கதை

பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்கிறார் தகப்பனார். இது சாதாரண மறதி அல்ல. "அல்சைமர்" நோய்!

1906-ம் ஆண்டு ஜெர்மன் டாக்டர் அல்சைமர், இந்த நோயால் இறந்த பெண்ணின் மூளையைச் சோதித்தார். அதில் திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது. அதுதான் அமிலாய்டு.

மூளை செல்லில் ஒரு நீளமான புரதம் உண்டு. "என்சைம்" என்னும் கத்தரிகள் இரண்டு அதை வெட்டுகின்றன. வெட்டிய துண்டுகள் ஒட்டிக்கொண்டு படிகின்றன.

முதல் கத்தரியை 1999-ல் கண்டுபிடித்தார்கள். அதைக் கட்டிப்போட வந்த மருந்து, வெருபெசெஸ்டாட். முதுகுத்தண்டு நீரில் அமிலாய்டு பாதிக்கு மேல் குறைந்தது. ஞாபகமோ திரும்பவில்லை! 2017-ல் சோதனை நின்றது.

ஏன்? தூத்துக்குடி மாப்பிள்ளையூரணிக்காரர்களுக்கு உப்பளம் தெரியும். வாய்க்காலை அடைத்தால் புது உப்பு விளையாது. பாத்தியில் விளைந்தது கிடக்கத்தானே செய்யும்?

சரி, நோய் தொடங்கும்போதே கொடுத்தால்? அதையும் பார்த்தார்கள். சில பரீட்சைகளில் அவர்கள் நிலை இன்னும் மோசமானது! 2018-ல் அதுவும் நின்றது. நரம்புக்கு உறை போடுவது போன்ற நல்ல வேலைகளும் அந்தக் கத்தரிக்கு உண்டு.

2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் ஊசி, படிந்ததையே அகற்றுகிறது. நோயின் வேகம் சற்றுக் குறைகிறது; நோய் தீருவதில்லை.

ஆனால் தைராய்டு கோளாறாலும், பி12 வைட்டமின் குறைவாலும்கூட மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அதற்கு மருந்து இருக்கிறது.