தலையில் எண்ணெய், மடியில் செல்போன்... ஆக்சிஜன் சேம்பருக்குள் போகும் முன் இதைப் படிங்க!

கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது வடக்கனந்தல். இங்கே ஒருவருக்குக் காலில் வந்த சர்க்கரைப் புண் ஆறவில்லை என்றால், முதலில் போவது கள்ளக்குறிச்சிக்கு. அப்படியும் ஆறாவிட்டால் சேலம், புதுச்சேரி, சென்னை என்று அலைச்சல்தான். அந்த அலைச்சலில் எங்கோ ஓர் இடத்தில், 'ஆக்சிஜன் சேம்பர் வெச்சுப் பாருங்க' என்ற பேச்சு காதில் விழும். செல்போனில் தேடினால் விளம்பரங்கள் வரிசைகட்டும். காலைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் போகும் குடும்பம், செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்கும். அதே அளவுக்கு, பாதுகாப்பு பற்றியும் கேட்க வேண்டும்.

என்ன சிகிச்சை இது?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம்தான். 'ஹைப்பர்பேரிக்' எனப்படும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில், நோயாளியை மூடிய சேம்பருக்குள் வைத்து, வழக்கமான காற்றழுத்தத்தைப்போல 2 முதல் 3 மடங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். அப்போது ரத்தத்தில் கூடுதலாகக் கரையும் ஆக்சிஜன், ரத்த ஓட்டம் குறைந்த இடங்களையும் எட்டுகிறது. ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வந்ததால் பாதிக்கப்பட்டவர்கள், கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையைச் சுவாசித்தவர்கள், கதிர்வீச்சு சிகிச்சையால் திசு பாதிக்கப்பட்டவர்கள், ஆறாத சில வகை சர்க்கரைப் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். முறையாகச் செய்தால் பலன் தரும் சிகிச்சைதான்.

ஆபத்து எங்கே?

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால், மற்ற எல்லாவற்றையும் வெறியோடு எரிய வைக்கும். சாதாரண காற்றில் மெதுவாகக் கருகும் துணி, அழுத்தமான ஆக்சிஜனில் நொடிகளில் பற்றிப் பரவும். உள்ளே இருப்பவரை உடனே வெளியே இழுக்கவும் முடியாது. அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் கதவைத் திறக்க முடியும். 1967 ஜனவரி 27 அன்று, சுத்த ஆக்சிஜன் நிரப்பிய அப்போலோ 1 விண்கலத்தில் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து 3 விண்வெளி வீரர்கள் இறந்ததும் இப்படித்தான்.

1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலன் நகர மருத்துவமனை ஒன்றில், பலர் சேர்ந்து அமரும் சேம்பரில் தீப்பிடித்து 11 பேர் உயிரிழந்தார்கள். ஒரு நோயாளி உள்ளே எடுத்துச் சென்ற, கையைச் சூடாக்கும் சிறு பொருள்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. 2025 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டிராய் நகரில், தனியார் மையத்தின் சேம்பருக்குள் 5 வயதுச் சிறுவன் தீயில் பலியானான். எர்த் பட்டை அவன் கையில் கட்டப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு.

1923 முதல் 1996 வரை நடந்த சேம்பர் தீ விபத்துகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 35 விபத்துகளில் 77 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. 1980-க்கு முன் மின்கோளாறுதான் முக்கியக் காரணம். அதற்குப் பிறகு, உள்ளே போகிறவர் எடுத்துச் சென்ற தடை செய்யப்பட்ட பொருள்கள். அதாவது, இயந்திரம் மேம்பட்ட பிறகு, நம் மடியில் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

கதவை மூடும் முன் கவனிக்க...

* தலைக்கு எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய், தைலம், சென்ட், ஹேர் ஸ்பிரே, முகத்துக்கு கிரீம் எதுவும் கூடாது. நம் ஊரில் எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பாத பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

* நைலான், பாலியஸ்டர் புடவை, பட்டு, கம்பளி வேண்டாம். உரசினால் மின்பொறி வரலாம். மையத்தில் தரும் நூறு சதவிகிதப் பருத்தி உடையைத்தான் அணிய வேண்டும்.

* செல்போன், கைக்கடிகாரம், காதுகேட்கும் கருவி, லைட்டர், தீப்பெட்டி, பேட்டரி பொம்மை எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் பரிசோதித்துதான் அனுப்ப வேண்டும். நேற்றுதானே பார்த்தோம் என்று விட்டுவிடக் கூடாது.

* ஒருவர் மட்டும் படுக்கும் சேம்பரில் பெரும்பாலும் முழுக்க ஆக்சிஜன்தான் நிரப்புவார்கள். அங்கே உடலில் சேரும் நிலை மின்சாரத்தை வெளியேற்ற, மணிக்கட்டில் எர்த் பட்டை கட்ட வேண்டும். அது வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும்.

* பலர் அமரும் சேம்பரில் சாதாரண காற்றை அழுத்தி நிரப்பி, முகமூடி வழியாக ஆக்சிஜன் தருவார்கள். அறைக்குள் ஆக்சிஜன் 23.5 சதவிகிதத்தைத் தாண்டாமல் கண்காணிக்கிறார்களா, உள்ளேயே தீயணைப்பு வசதி உண்டா என்று கேளுங்கள்.

* பயிற்சி பெற்றவர் சிகிச்சை முடியும் வரை பக்கத்திலேயே இருக்கிறாரா, மருத்துவர் கட்டடத்தில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

உடம்புக்கும் சில எச்சரிக்கைகள்

அழுத்தம் ஏறும்போது, மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைப்பதுபோல காது அடைக்கும். வலித்தால் உடனே சொல்ல வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை அளவு இறங்கலாம். அதனால் வெறும் வயிற்றில் போகக் கூடாது. முன்னும் பின்னும் அளவைப் பார்க்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கும் பிரச்னைக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள் சேம்பருக்குள் போகவே கூடாது. அரிதாக வலிப்பும் வரலாம். ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் மருந்தா?

ஆட்டிசம், புற்றுநோய், அல்சைமர் போன்றவற்றுக்கு இந்தச் சிகிச்சையைத் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. 'எந்த நோயானாலும் சரியாகும்', 'இளமை திரும்பும்' என்று சொல்லும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. காற்று ஊதிப் பெரிதாக்கும் சேம்பரை வீட்டுக்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

சேம்பருக்குள் போனாலும் சர்க்கரைக் கட்டுப்பாடு, புண்ணுக்குக் கட்டு, பாதத்தில் அழுத்தம் படாமல் காப்பது ஆகியவற்றை விடக் கூடாது. இந்தச் சிகிச்சை அவற்றுக்குத் துணைதான், மாற்று இல்லை.

சந்தேகம் இருந்தால், பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் புண்ணைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். மேலே உள்ள கேள்விகளை மையத்தில் கேட்டால் முகம் சுளிக்காமல், இடத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். 'அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்' என்பது மட்டுமே பதிலாக வந்தால், வேறு இடம் பாருங்கள்!