ஒரு 'ர்' சொல்லும் சேதி: ஜெர்மனில் ஆளாக மாறும் பெயரடைகள்

இன்னிக்கு ஜெர்மன் படிக்கிற எல்லாரையும் ஒரு தடவையாவது குழப்பிவிடுற ஒரு விஷயம்.

இந்தியர் ஒருத்தரை 'டெர் இண்டர்', 'ஐன் இண்டர்' என்று சொல்லலாம். சொல் மாறாது. ஆனா ஜெர்மானியர்? 'டெர் டாய்ச்செ', 'ஐன் டாய்ச்சர்'. அதே ஆள்தான், ஆனா கடைசி எழுத்து மாறுது. ஏன்?

ஏன்னா 'டாய்ச்செ' உண்மையில் ஒரு பெயரடை. தமிழில் 'நல்ல' என்பதோடு 'வர்' சேர்த்தா 'நல்லவர்' கிடைக்கும். ஜெர்மனில் அப்படித் தனி விகுதி கிடையாது. பின்னாடி வரவேண்டிய 'ஆள்' மறைஞ்சுடும், பெயரடையே அந்த இடத்தில் உட்காரும். முதலெழுத்து பெரிய எழுத்தாகும். ஆனா முடிவு மட்டும் பழைய பெயரடை விதிப்படிதான்.

அந்த விதி இதுதான்: எழுவாயில் ஆண்பாலைக் காட்டுற 'ர்' எங்கேயாவது வந்தாகணும். 'டெர்' அதைக் காட்டிடுது, அதனால பெயரடைக்கு 'எ' போதும். 'ஐன்' காட்டாது, அதனால பெயரடை 'ர்' போட்டுக்கும்.

இது வெறும் தேர்வுக் கணக்கு இல்லை. விபத்து நடந்து 112-க்குப் போன் பண்றீங்கன்னு வைங்க. 'ஐன் ஃபெர்லெட்ஸ்டர்' என்றால் காயம்பட்டவர் ஆண். 'ஐனெ ஃபெர்லெட்ஸ்டெ' என்றால் பெண். 'ட்ஸ்வை ஃபெர்லெட்ஸ்டெ' என்றால் ரெண்டு பேர். பேச்சில் அந்தக் கடைசி 'ர்' தெளிவா விழாது, அதனால முன்னாடி வர்ற சொல்லையும் சேர்த்துக் கேளுங்க.

ஆள் இல்லாம பொருளோ விஷயமோ என்றால் 'எஸ்' வரும். ரெமார்க் 1929-ல் வெளியிட்ட போர் நாவலின் தலைப்பு 'இம் வெஸ்டென் நிஷ்ட்ஸ் நொயெஸ்'. அதாவது, மேற்கே புதுசா ஒண்ணுமில்ல. 'நொய்' என்றால் புதிய. 'நொயெஸ்' என்றால் புதியது.

ஒரு விதிவிலக்கு: அரசு ஊழியர் 'டெர் பெஆம்டெ'. பெண் ஊழியர் மட்டும் 'டீ பெஆம்டின்', சாதாரணப் பெயர்ச்சொல் மாதிரி.

சந்தேகம் வந்தா, மனசுக்குள்ள பின்னாடி 'மான்' (ஆண்) அல்லது 'ஃப்ராவ்' (பெண்) சேர்த்துச் சொல்லிப் பாருங்க. 'ஐன் ஃபெர்லெட்ஸ்டர் மான்'. இப்போ 'மான்'-ஐ எடுத்துடுங்க. மிச்சம் இருக்கிறதுதான் விடை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். ச்சூஸ்!