விழுவதற்கு முன் ஒரு கட்டம்

நம் கலந்துரையாடலுக்கு வந்த அனிமேஷன் மாணவர் ஒருவர் தம் ஸ்டோரிபோர்டைக் காட்டினார். உணவுக்கடையில் ஒரு பெரியவர் உட்காருகிறார், நாற்காலி உடைகிறது, விழுகிறார். ஆறு கட்டங்கள். அரங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அதைத்தான் அவர் தேர்வுக்கு ஒப்படைக்க வேண்டுமாம், பாவம்!

நாற்காலி பழுது என்பது பெரியவர் விழும்போதுதான் நமக்கும் தெரிகிறது. கோளாறு அங்கேதான். முதல் கட்டத்திலேயே விரிசல் விட்ட நாற்காலிக் காலை நெருக்கமாகக் காட்டிவிடுங்கள். பிறகு அவர் உட்காரப் போகட்டும். தே தாரிக் சொல்ல மறந்து மறுபடி நிமிரட்டும். இப்போது விழுவார், இப்போது விழுவார் என்று நாம் காத்திருப்போம். கால் வளையும்போது, நம்மைப் பார்க்கும் அவர் முகத்துக்கென்று ஒரு தனிக் கட்டம். சக் ஜோன்ஸ் 1949-இல் தொடங்கிய ரோட் ரன்னர் கார்ட்டூன்களில், பள்ளத்தில் விழுமுன் கொயோட்டி நம்மைப் பார்க்குமே, அதேதான். விநாடிக்கு 24 படங்கள். அந்தப் பார்வைக்கு 12 என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விழுவதற்கு ஒரே கட்டம் போதும்.

இடைவேளையில் மாணவர் தாளின் பின்பக்கத்தில் புதிதாக வரைந்தார். எட்டிப் பார்த்த எங்கள் கேமராமேன் மூன்றாவது கட்டத்திலேயே சிரித்துவிட்டார்.